மில்லியன் எப்போது எண், எப்போது பேச்சு?

ஆங்கிலத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. அம்மா பிள்ளையைத் திட்டுகிறாள்: "எதையும் பெரிசாக்கிப் பேசாதேன்னு உனக்கு ஒரு மில்லியன் தடவை சொல்லிட்டேன்!"

மில்லியன் என்றால் பத்து லட்சம். தினம் நூறு தடவை சொன்னாலும் பத்து லட்சம் தடவை சொல்லி முடிக்க 27 வருஷத்துக்கு மேல் ஆகும். அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. போடத் தேவையில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே அம்மா அன்று ராத்திரி செய்தியில் "ஒரு மில்லியன் பவுண்டு செலவில் பாலம்" என்று கேட்டால், அந்த மில்லியன் கறாரான பத்து லட்சம். அதில் ஆயிரம் பவுண்டு இடித்தாலும் யாராவது கணக்குக் கேட்பார்கள்.

ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. "ஆயிரம் தடவை சொல்லியாச்சு" என்கிறோம், "உனக்குக் கோடிப் புண்ணியம்" என்கிறோம், எண்ணிப் பார்த்தா சொல்கிறோம்? தாய்மொழியில் எது எண், எது பேச்சு என்று காதே பிரித்துவிடும். ஆங்கிலத்தைப் படித்துக் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் தடுமாற்றம். எண்ணும் இடத்தில் பேச்சாகவும், பேச்சு இருக்கும் இடத்தில் எண்ணாகவும் எடுத்துக்கொண்டு, அதைத் தமிழில் எழுதும்போது இன்னும் குழப்புகிறோம். அதனால் ஆங்கிலத்தின் பெரிய எண்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம்.

மிகைப்படுத்துவதற்கு எல்லா மொழியிலும் எழுதாத விதி ஒன்று உண்டு. சொல்லும் எண் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், வட்டமான எண்ணாகவும் இருக்க வேண்டும். "உனக்குப் பதினைந்து தடவை போன் பண்ணினேன்" என்று சொன்னால் கேட்பவர் மொபைலை எடுத்துப் பார்ப்பார். அதில் ஒன்பது மிஸ்டு கால்தான் இருந்தால் நீங்கள் சொன்னது பொய். "நூறு தடவை போன் பண்ணினேன்" என்றால் அந்த ஒன்பது போதும். நூறு பதினைந்தைவிடப் பெரிய எண், உண்மையிலிருந்து இன்னும் தள்ளி இருக்கிறது, ஆனால் அதைப் பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம்பக்கூடிய எண்தான் ஆபத்து.

ஆங்கிலத்தில் இதற்கு வரிசையாகச் சொற்கள் இருக்கின்றன. அடியில் இருப்பவை கிட்டத்தட்ட எண்ணிக்கைதான். டஜன்கணக்கில் என்று ஒரு பத்திரிகை எழுதினால் இரண்டு மூன்று டஜனாவது இருக்கும் என்று வாசகர் நம்பலாம். ஸ்கோர் என்றால் இருபது. அதன் பன்மையை விபத்துச் செய்திகளில் அடிக்கடி பார்க்கலாம், நாற்பது ஐம்பதுக்குக் குறையாது என்று பொருள். 1863இல் கெட்டிஸ்பர்க் உரையை லிங்கன் தொடங்கியது "நான்கு ஸ்கோரும் ஏழும் ஆண்டுகளுக்கு முன்" என்றுதான். 87 வருஷம், சரியாக 1776, அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த வருஷம். அங்கே ஸ்கோர் சுத்தமான கணக்கு.

அதற்கு மேலே ஹண்ட்ரட் வீட்டுப் பேச்சுக்கு. "இன்னைக்கு எனக்கு நூறு வேலை இருக்கு" என்பதுபோல. தவுசண்ட் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், ஆயிரம் மன்னிப்புகள் என்று யாராவது ஆங்கிலத்தில் சொன்னால் அதில் நாடகம் தெரியும். உண்மையான அரசன் மில்லியன். தேங்க்ஸ் எ மில்லியன், ஒன் இன் எ மில்லியன், நாட் இன் எ மில்லியன் இயர்ஸ். நன்றாக உடுத்திக்கொண்டு வந்தவரைப் பார்த்து "மில்லியன் டாலர் மாதிரி இருக்கீங்க" என்பார்கள். அவர் போட்டிருக்கும் சட்டைக்கு விலை கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஏன் மில்லியன்? அந்தச் சொல் பிறந்ததே மிகையில்தான். இத்தாலிய மொழியில் மிலே என்றால் ஆயிரம். அதோடு, எதையும் பெரிதாக்கிக் காட்டும் விகுதி ஒன்றைச் சேர்த்து மில்லியோனே என்றார்கள். பெரிய ஆயிரம், கொழுத்த ஆயிரம் என்று சொல்லலாம். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் பத்து லட்சம் எதையும் எண்ண வேண்டிய தேவை சாதாரண ஆட்களுக்கு இருந்திருக்காது. பேச்சுக்குத்தான் அது அதிகம் பயன்பட்டிருக்கும்.

இரண்டு வேலையையும் பிரித்துக்காட்ட ஆங்கில இலக்கணமே சில துப்புகளைத் தருகிறது. முன்னால் ஓர் எண் இருந்தால் மில்லியனுக்குப் பன்மை விகுதி வராது: டூ மில்லியன் பீப்பிள். எண் இல்லாமல் பொத்தாம் பொதுவாகச் சொல்லும்போதுதான் பன்மையும் வரும், கூடவே 'ஆஃப்' என்பதும் வரும்: மில்லியன்ஸ் ஆஃப் பீப்பிள். ஹண்ட்ரட், தவுசண்ட், பில்லியன் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். நம் ஊர் ஆங்கிலத்தில் ஃபைவ் லேக்ஸ், டென் குரோர்ஸ் என்று எண்ணுக்குப் பின்னாலும் 'ஸ்' சேர்த்துப் பழகிவிட்டதால் டூ மில்லியன்ஸ் என்றும் வாயில் வந்துவிடும். லண்டனில் அது காதில் உறுத்தும்.

இன்னொரு துப்பு, முன்னால் வருவது 'ஒன்' என்பதா 'எ' என்பதா என்பது. ஒன் மில்லியன் என்று அழுத்திச் சொன்னால் எண்ணியிருக்கிறார்கள், எ மில்லியன் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இரண்டரை மில்லியன், 3.7 மில்லியன் என்று புள்ளி வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், அது கணக்கு. "3.7 மில்லியன் தடவை சொன்னேன்" என்று ஒருவர் சொன்னால் வேண்டுமென்றே கிண்டல் செய்கிறார்.

எண்ணும் பேச்சும் நேருக்கு நேர் மோதி நீதிமன்றம்வரை போன வழக்கு ஒன்று உண்டு. 1990களின் நடுவில் பெப்சி நிறுவனம் அமெரிக்காவில் ஒரு விளம்பரத் திட்டம் நடத்தியது. பாட்டில்களில் வரும் புள்ளிகளைச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு. டிவி விளம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் வருவான். டிஷர்ட் 75 புள்ளி, தோல் ஜாக்கெட் 1,450 புள்ளி, கூலிங்கிளாஸ் 175 புள்ளி என்று வரிசையாகத் திரையில் ஓடும். கடைசியில் அவன் ஹாரியர் போர் விமானத்தில் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்குவான். அதற்கும் திரையில் எழுத்து வரும்: ஹாரியர் விமானம், 70,00,000 புள்ளிகள். விளம்பரம் எடுத்தவர்களுக்கு அந்த ஏழு மில்லியன் என்பது "எட்டாத எண்" என்று சொல்லும் ஒரு வழி, சிரிப்புக்காக வைத்தது.

ஜான் லெனார்ட் என்ற மாணவர் அதை எண்ணாகப் பார்த்தார். திட்டத்தின் விதிகளைப் படித்தார். கையில் 15 புள்ளி இருந்தால் மீதியை ஒரு புள்ளிக்கு 10 சென்ட் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அப்படியானால் ஏழு மில்லியன் புள்ளிக்கு ஏழு லட்சம் டாலர். போர் விமானத்தின் விலையோ சுமார் 2.3 கோடி டாலர். சும்மா கிடைப்பது மாதிரி! ஆட்களைப் பிடித்துப் பணம் திரட்டி, 15 புள்ளிகளோடு ஏழு லட்சத்துச் சொச்சம் டாலருக்குக் காசோலையும் சேர்த்து அனுப்பிவைத்தார். பெப்சி, அது விளையாட்டுக்குச் சொன்னது என்றது. வழக்கு நியூயார்க் மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. 1999இல் நீதிபதி கிம்பா உட் பெப்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார். புத்தியுள்ள யாரும் அதை நிஜமான விற்பனை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது. ஏழு மில்லியன் புள்ளியைக் குடித்தே சேர்ப்பதென்றால் நூறு வருஷத்துக்குத் தினமும் சுமார் 190 பெப்சி குடிக்க வேண்டும் என்று தீர்ப்பில் கணக்கும் போட்டிருந்தார்.

சட்டப்படி தீர்ப்பு சரிதான். ஆனால் எனக்கு லெனார்ட் மேல் ஒரு மரியாதை உண்டு. 75, 1,450, 175 என்று கறாரான எண்களை வரிசையாகக் காட்டிவிட்டு, நாலாவதை மட்டும் பேச்சாக எடுத்துக்கொள் என்றால் எப்படி? பெப்சியே அந்த ஓட்டையை உணர்ந்துதான் பிறகு விளம்பரத்தைத் திருத்தியது. ஏழு மில்லியனை 700 மில்லியன் ஆக்கினார்கள், கூடவே "சும்மா வேடிக்கைக்கு" என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். 700 மில்லியன் புள்ளி என்றால் ஏழு கோடி டாலர், விமானத்தின் விலையைப் போல் மூன்று மடங்கு. நம்ப முடியாத எண் என்று நினைத்து வைத்தது நம்பக்கூடியதாக இருந்துவிட்டது, அவ்வளவுதான் கோளாறு.

இந்த மாதிரி வில்லங்கமே வராத எண்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஸில்லியன், ஜில்லியன், கஸில்லியன், பஸில்லியன், பிரிட்டனில் ஸ்குவில்லியன். இவை எதற்கும் மதிப்பு கிடையாது. மில்லியன், பில்லியன் என்ற சொற்களின் வாலை மட்டும் வெட்டி எடுத்து, முன்னால் ஏதாவது சத்தமான எழுத்தை ஒட்டிவைத்தவை. எண்களின் வரலாற்றை ஆராயும் மானுடவியலாளர் ஸ்டீபன் கிரிசோமாலிஸ் இந்தப் போலி எண்களைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். இவை 20ஆம் நூற்றாண்டில் பெருகின. இதில் ரசிக்க வேண்டியது, மதிப்பே இல்லாத இந்தச் சொற்கள் உண்மையான எண்களின் இலக்கணத்தை அப்படியே பின்பற்றுவது. எ ஸில்லியன், ஸில்லியன்ஸ் ஆஃப் எல்லாம் சரி. பெரும் பணக்காரரை ஸில்லியனர் என்றும் சொல்லலாம். எல்லோருக்கும் ஸில்லியன் ஒன்றும் இல்லாத எண் என்று தெரியும் என்பதால் அதை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது. பெப்சி பேசாமல் ஒரு ஸில்லியன் புள்ளி என்று போட்டிருக்கலாம்.

இதே குடும்பத்தில் சின்ன உருப்படி அம்டீன். எத்தனையோ தடவை என்று எரிச்சலோடு சொல்லும்போது வரும். மோர்ஸ் தந்தியில் நீளக் கோட்டை விளையாட்டாக அம்டி என்பார்கள். அதோடு பதின்மூன்று, பதினான்குக்கு வரும் 'டீன்' சேர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பரவியது.

நேர்மாறாக, கேட்டால் விளையாட்டுச் சொல்போல இருந்து, உள்ளே சுத்தமான எண்ணாக இருப்பது கூகால். ஒன்றுக்குப் பின்னால் நூறு சைபர். கணிதப் பேராசிரியர் எட்வர்ட் காஸ்னர், இதற்கு ஒரு பெயர் சொல் என்று ஒன்பது வயது மருமகன் மில்டன் சிரோட்டாவிடம் கேட்டதற்குப் பையன் சொன்ன பெயர் அது. கூகுள் நிறுவனத்தின் பெயர் இதன் எழுத்துகளை மாற்றி எழுதியதில் வந்ததுதான்.

மிகைச் சொற்களுக்கும் விலைவாசி உண்டு. காசின் மதிப்பு இறங்க இறங்க, வாயைப் பிளக்க வைக்கும் எண்ணும் ஏறிக்கொண்டே போகும். இதற்கு அமெரிக்க ஆங்கிலத்தில் தேதியோடு சான்று இருக்கிறது. 1940இல் வானொலியில் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி வந்தது. முதல் கேள்விக்கு ஒரு டாலர், அடுத்து இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய்க் கடைசிக் கேள்விக்கு 64 டாலர். அதிலிருந்து, விடை தெரியாத முக்கியமான கேள்வி எதுவானாலும் "அறுபத்துநாலு டாலர் கேள்வி" ஆனது. 1955இல் அதே கரு டிவிக்கு வந்தபோது 64 டாலர் யாருக்கும் உறைக்காது என்று 64,000 ஆக்கினார்கள். பேச்சும் உடனே "அறுபத்துநாலாயிரம் டாலர் கேள்வி" என்று மாறிக்கொண்டது. இன்றைக்கு எல்லோரும் சொல்வது மில்லியன் டாலர் கேள்வி. பதினைந்து வருஷத்தில் ஆயிரம் மடங்கு ஏறியது டாலரின் வீக்கம் மட்டும் அல்ல, டிவி வந்ததன் வீக்கமும்.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் நம் ஊர்ப் பக்கம். 1998இல் பிரிட்டனில் தொடங்கிய மில்லியனர் வினாடி வினா நிகழ்ச்சிக்குப் பரிசு பத்து லட்சம் பவுண்டு. அது 2000இல் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியில் குரோர்பதி ஆனது, பரிசு ஒரு கோடி ரூபாய். 2012இல் விஜய் டிவியில் தமிழில் வந்தபோதும் நிகழ்ச்சியின் பெயரிலேயே ஒரு கோடி இருந்தது. மில்லியனை அப்படியே மொழிபெயர்த்தால் பத்து லட்சாதிபதி. அப்படி ஒரு சொல்லைக் கேட்டு யாருக்காவது மயிர்க்கூச்செறியுமா? ஆங்கிலப் படிக்கட்டில் ஆயிரத்துக்கு அடுத்த படி மில்லியன், அதற்கு அடுத்தது பில்லியன், ஒவ்வொரு படியும் ஆயிரம் மடங்கு. நம் படிக்கட்டில் ஆயிரத்துக்கு அப்புறம் நூறு நூறு மடங்காக லட்சம், கோடி. மிகைச் சொல் எப்போதும் படியில்தான் நிற்கும், இரண்டு படிக்கு நடுவில் நிற்காது. பத்து லட்சம் நடுவில் இருக்கிறது, அதனால் அது வெறும் தொகை.

பில்லியனுக்கு வருவோம். இந்தச் சொல் ஐந்நூறு வருஷமாகப் பண்ணிய குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. 1484இல் பிரெஞ்சுக் கணிதர் நிகோலா ஷுகே எழுதிய கையெழுத்துப் பிரதியில் பில்லியன், டிரில்லியன் வரிசை இருக்கிறது. அவர் கணக்கில் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன், நம் கணக்கில் லட்சம் கோடி. பின்னால் பிரான்சிலேயே ஒரு சாரார் ஆயிரம் மில்லியனைப் பில்லியன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அமெரிக்கா அதைப் பிடித்துக்கொண்டது, பிரிட்டன் பழையதையே வைத்திருந்தது. ஆக, அட்லாண்டிக் கடலின் இந்தப் பக்கம் பில்லியன் லட்சம் கோடி, அந்தப் பக்கம் நூறு கோடி. எழுத்து ஒன்றுதான்.

பிரிட்டன் அரசாங்கம் இதை முடித்துவைத்தது 1974 டிசம்பரில். பில்லியன் என்று அமைச்சர்கள் சொல்வது எந்தப் பில்லியன், பழைய பிரிட்டிஷ் பொருளிலேயே வைத்துக்கொள்வீர்களா என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டார். மாட்டோம், உலகம் பூராவும் ஆயிரம் மில்லியன் என்ற பொருளில் பயன்படுகிறது, நாம் மட்டும் வேறாகச் சொன்னால் குழப்பம்தான் என்று பிரதமர் ஹெரால்ட் வில்சன் பதில் சொன்னார். அதற்கு முந்தைய பிரிட்டிஷ் புத்தகங்களில் பில்லியன் என்று பார்த்தால் இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பது நல்லது.

ஜெர்மனி இன்றுவரை பழைய கணக்கில்தான் இருக்கிறது, பிரான்சும் பிறகு அதற்கே திரும்பிவிட்டது. ஆயிரம் மில்லியனுக்கு அவர்களிடம் மில்லியார்ட் என்று தனிச் சொல் இருக்கிறது, ஜெர்மானியர் மில்லியார்டெ என்பார்கள். 1923 நவம்பரில் ஜெர்மனியின் பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோது ஒரு டாலருக்கு 4.2 பில்லியன் மார்க் என்று ஜெர்மன் நூல்கள் சொல்லும். ஆங்கில நூல்கள் 4.2 டிரில்லியன் என்னும். இரண்டும் ஒன்றே, 4.2 லட்சம் கோடி. ஜெர்மன் மூலத்திலிருந்து சொல்லை மட்டும் எடுத்துத் தமிழில் 420 கோடி என்று எழுதினால் ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். சிம்பாப்வே 2009இல் வெளியிட்ட 100 டிரில்லியன் டாலர் நோட்டுக்கு இந்தக் குழப்பம் இல்லை. நம் கணக்கில் அது சுருக்கமாகக் கோடி கோடி. தமிழில் மிகைக்குச் சொல்லும் சொல்லே அங்கே சரியான விடையாக வந்து உட்கார்ந்துவிடுகிறது!

மில்லியன், பில்லியன் இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம் என்பது இன்னொரு தொல்லை. வானியலாளர் கார்ல் சேகன் தன் டிவி தொடரில் 'பி' எழுத்தை வெடிப்பதுபோல அழுத்திச் சொன்னது அதனால்தான். மக்கள் அதைக் கிண்டல் செய்யப் போய், "பில்லியன்ஸ் அண்ட் பில்லியன்ஸ்" என்பது அவர் வசனமாகவே நிலைத்துவிட்டது. அந்தத் தொடரில் அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அதேபோல, "இங்கே ஒரு பில்லியன், அங்கே ஒரு பில்லியன் என்று போனால் கொஞ்ச நேரத்தில் நிஜமான பணம் ஆகிவிடும்" என்ற கிண்டலை அமெரிக்க செனட்டர் எவரெட் டர்க்சன் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவர் சொன்னதற்கும் உறுதியான பதிவு கிடையாது. அந்நியச் செலாவணிச் சந்தையில் பில்லியன் என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு 'யார்டு' என்பார்கள். மில்லியார்டின் வால் அது. போனில் ஓர் எழுத்துத் தவறாகக் காதில் விழுந்தால் ஆயிரம் மடங்கு நஷ்டம்.

அந்த ஆயிரம் மடங்கை உணர ஒரு சுலபமான கணக்கு உண்டு. மில்லியன் விநாடி என்பது பதினொன்றரை நாள் சொச்சம். பில்லியன் விநாடி கிட்டத்தட்ட 32 வருஷம். டிரில்லியன் விநாடி 31,700 வருஷம். காதில் அண்ணன் தம்பிபோல விழும் மூன்று சொற்களுக்கு நடுவே இருக்கும் தூரம் இது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம் இன்னும் சுருக்கிக்கொள்ளும். ஆயிரம் டாலருக்கு, ஆயிரம் பவுண்டுக்கு கிராண்டு. டென் கிராண்டு என்றால் பத்தாயிரம், பன்மை விகுதி சேர்க்கக் கூடாது. கே என்பது கிலோவிலிருந்து வந்த ஆயிரம், இது நம் ஊர் ஐடி கம்பெனிவரை வந்துவிட்டது. லண்டன்காரர்களுக்கு 25 பவுண்டு ஒரு போனி, 500 பவுண்டு ஒரு மங்கி. குட்டிக்குதிரைக்கும் குரங்கிற்கும் பணத்தோடு என்ன உறவு என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதையும் நம்ப வேண்டாம்.

ஆறு இலக்கச் சம்பளம் என்பது அமெரிக்காவில் வருஷத்துக்கு லட்சம் டாலருக்கு மேல் வாங்குபவரைச் சொல்வது. நாம் அந்தத் தொடரைக் கேட்டதும் மாதச் சம்பளமாக நினைத்துக்கொள்கிறோம். இதைவிட மோசமான பள்ளம் எம் என்ற எழுத்து. பத்திரிகையில் எம் என்றால் மில்லியன். ஆனால் சில வங்கி, கணக்குத் தாள்களில் அது ரோமன் எண், ஆயிரம். அங்கே மில்லியனுக்கு இரண்டு எம் போடுவார்கள். வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கைத் தமிழில் எழுதுகிறவர்கள் தாளின் தலைப்பில் அலகு என்ன என்று போட்டிருப்பதைப் பார்க்காமல் தொடவே கூடாது.

சரி, இதையெல்லாம் தமிழில் கொண்டுவருவது எப்படி? கணக்காக வரும் எண்களுக்கு வழி சுலபம். மில்லியனைப் பத்தால் பெருக்கினால் லட்சம், பத்தால் வகுத்தால் கோடி. 3.7 மில்லியன் 37 லட்சம், 45 மில்லியன் நாலரைக் கோடி. பில்லியனை நூறால் பெருக்கினால் கோடி, 2.4 பில்லியன் 240 கோடி. டிரில்லியன் அப்படியே லட்சம் கோடி. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் கொன்ற யூதர்கள் ஆறு மில்லியன் என்று ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் அறுபது லட்சம். அங்கே பேச்சுக்கு இடமே இல்லை.

தோராயமாக வரும் சொற்களில்தான் கை நடுங்கும். டென்ஸ் ஆஃப் தவுசண்ட்ஸ் என்பதற்குப் பல்லாயிரக்கணக்கான என்று நல்ல சொல்லே இருக்கிறது. ஹண்ட்ரட்ஸ் ஆஃப் தவுசண்ட்ஸ் என்றால் லட்சக்கணக்கான, அளவு தைத்த மாதிரி பொருந்தும். டென்ஸ் ஆஃப் மில்லியன்ஸ் கோடிக்கணக்கான. நடுவில் நிற்கும் வெறும் மில்லியன்ஸ்தான் தொல்லை. பத்து லட்சக்கணக்கான என்று எழுதுவது தமிழே இல்லை. மில்லியன்கணக்கான என்பது இயந்திர மொழிபெயர்ப்பின் முத்திரை ஆகிவிட்டது, குறைந்தபட்சம் தமிழ்நாட்டு வாசகருக்கு. லட்சக்கணக்கான என்றால் அளவு தப்பாது, வேகம் சற்றுக் குறையும். கோடிக்கணக்கான என்றால் வேகம் சரியாக வரும், அளவு தப்பும். செய்தி என்றால் லட்சம்தான் சரி. மேடைப் பேச்சையோ கதையையோ மொழிபெயர்க்கும்போது நான் யோசிக்காமல் கோடிக்குப் போவேன். காதலனுக்கு நன்றி சொல்லும் பெண்ணின் வாயில் பத்து லட்சத்தைத் திணிப்பது அநியாயம்.

இன்னொரு நோயும் இணையச் செய்திகளில் பரவியிருக்கிறது. ஆங்கிலத்தில் மில்லியன் டாலர் வீடு என்று சும்மா வட்டமாகச் சொன்னதை, அன்றைய மாற்று விலையில் பெருக்கி, எட்டுக் கோடியே இத்தனை லட்சத்து இத்தனை ஆயிரத்து என்று ரூபாய்வரை எழுதிவிடுகிறார்கள். மூலத்தில் இல்லாத துல்லியம் எங்கிருந்து வந்தது? எட்டு ஒன்பது கோடி ரூபாய் வீடு என்றால் முடிந்தது. வட்டமான எண்ணை வட்டமாகவே தர வேண்டும்.

எல்லாத் தமிழும் லட்சம், கோடியில் எண்ணுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இலங்கைப் பத்திரிகைகளில் பத்து மில்லியன் ரூபா, இரண்டு பில்லியன் ரூபா என்று வருவது சர்வசாதாரணம். சிங்கப்பூரில் மில்லியன் வெள்ளி என்றுதான் எழுதுவார்கள். அங்குள்ள வாசகருக்கு அது மொழிபெயர்ப்பு வாடையே அடிக்காது. தமிழ்நாட்டிலும் டிரில்லியன் இப்போது அரசாங்க வாசல் வழியாக நுழைந்துவிட்டது. 2030க்குள் மாநிலப் பொருளாதாரத்தை ஒரு டிரில்லியன் டாலர் ஆக்குவது தமிழக அரசு அறிவித்த இலக்கு. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அது 85 லட்சம் கோடி ரூபாய். கேட்கிறவர்கள் மனதில் அந்தத் தொகை எண்ணாகப் பதிவதில்லை, ஒரு டிரில்லியன் என்ற சத்தம்தான் பதிகிறது. இலக்கு வைத்தவர்களுக்கும் அது தெரியாமல் இருக்காது.

சினிமா ரசிகர்கள் இதை யாரும் சொல்லித்தராமலே சரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2020இல் ஒரு தமிழ்ப் பாட்டு யூடியூபில் பில்லியன் பார்வையைத் தாண்டியபோது யாரும் நூறு கோடி பார்வை என்று போஸ்டர் அடிக்கவில்லை, பில்லியன் என்றுதான் கொண்டாடினார்கள். அதே ஆட்கள் படத்தின் வசூல் என்று வந்தால் நூறு கோடி கிளப் என்பார்கள். அங்கே பில்லியன் ரூபாய் என்று சொன்னால் எந்தத் தியேட்டர் வாசலிலும் எடுபடாது.